தாய்மாமனுக்கு முன்னால் ஒரு வேட்டி

இந்நிகழ்ச்சிக்கு முன் என் நிலை என்ன என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். நான் பொருளியல் பட்டதாரி. துறைமுகத்தில், கப்பலில் சரக்கேற்றும் வரிசையைத் திட்டமிடும் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் இறங்க வேண்டிய பெட்டி கடைசியில்தான் ஏற வேண்டும் என்ற விதியை நான் ஒருமுறைகூட மீறியதில்லை. ராயபுரத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்கு முன் எழும் வரிசைத் தகராறுகூட என் தீர்ப்புக்கே வந்து சேரும். (வந்து சேர்ந்தது. இப்போது வருவதில்லை.)

என் மகள் கயல்விழிக்குத் திருமணம் நிச்சயமானபோது, அவளே என் கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தாள். வேலைகளை எழுதி, ஒவ்வொன்றும் நடக்க வேண்டிய இடத்தை வரைபடத்தில் குறித்தால், அருகிலிருப்பது முதல் தொலைவிலிருப்பது வரை அதுவே வரிசைப்படுத்தும். இடம் நெருங்கினால் மணியடிக்கும்.

"எனக்கு எதற்கம்மா இது? கப்பலுக்கே வரிசை போட்டவன் நான்."

"கப்பலுக்குப் போட்டீங்கப்பா. போன வாரம் பால் வாங்கப் போயி பேப்பர் வாங்கினு வந்தீங்களே!"

இரண்டே நாளில், பல் விளக்குவதைத் தவிர அனைத்தையும் அதில் குறித்துவிட்டேன்.

பத்திரிகை அச்சாகி வந்து, குலதெய்வத்தின் முன் ஒன்றை வைத்தாயிற்று. மனிதரில் முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு உரியது. என் மனைவி செல்வியின் அண்ணன் தேசிங்கு எண்ணூர்க் குப்பத்தில் சொந்தப் படகு வைத்திருப்பவர். சீர்த்தட்டு ஏந்தி வந்து பெண்ணுக்கு முதல் மாலையைப் போட வேண்டியவர் அவர்தான். அந்த மாலை விழாமல் எங்கள் வழக்கத்தில் பெண் மணவறைக்கு வரமாட்டாள். செல்வி முதல் நாளே அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

"இன்னாங்க, நாளிக்கு நேரா எங்கண்ணன் வூடு. நடுவுல வேற எந்த வாசப்படியும் மிதிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

ஞாயிறு காலை, தாம்பூலத் தட்டில் பத்திரிகையை வைத்து ஆட்டோவில் ஏறினேன். தெருமுனையிலேயே கைப்பேசி மணியடித்தது. முதல் வேலை: கபாலியிடம் வேட்டி வாங்குதல். இரண்டாவது: திருவொற்றியூர்ப் பூக்கடையில் மாலைக்குச் சொல்லுதல். எண்ணூர் மூன்றாவது.

கபாலி, தெருமுனையில் தள்ளுவண்டி வைத்துத் துணி தேய்ப்பவர். தள்ளுவண்டிக்கு வாசற்படி கிடையாது என்ற நுணுக்கம் எனக்கு உடனே புலப்பட்டது. இறங்கினேன். மங்கலத் தட்டை ஆட்டோவில் விட்டுச் செல்வது முறையன்று என்பதால் (முறை தெரிந்த மனுஷன் இல்லையா!) அதையும் கையில் ஏந்திக்கொண்டே போனேன்.

கபாலி தட்டைப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்தார். கைகளைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு, வண்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

"சாரு! கயலு பாப்பாவுக்குக் கண்ணாலமா! மொத பத்திரிக எனுக்கா?"

"இல்லை கபாலி, நான் வந்தது..."

"ஒரு கொரலு குட்த்திருந்தா நானே வூட்டாண்ட ஓடியாந்திருப்பேனே சாரு. எம்மாம் பெரிய மன்சு ஒனக்கு!"

அவர் கண்கள் கலங்கியிருந்தன. நான் விறைப்பான மனிதன் என்று ஊர் சொல்லும் புகழில் பாதி, முப்பது ஆண்டுகளாக அவர் என் சட்டைகளுக்குப் போட்டுவரும் கஞ்சிக்கு உரியது. நீண்டிருந்த அந்தக் கைகளுக்கு முன் 'வேட்டி' என்ற சொல் என் வாயில் வரவில்லை. தட்டைக் கொடுத்தேன். வேலை முடிந்ததா என்று செயலி கேட்டது. முடிந்தது என்று அழுத்திவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

திருவொற்றியூரில் மாலைக்குச் சொல்லிவிட்டு, புதுத் தட்டும் வெற்றிலை பாக்கும் வாங்கினேன். பையில் வேறு பத்திரிகைகள் இருந்தன. முதல் பத்திரிகைக்கும் இரண்டாவதற்கும் அச்சில் வேறுபாடில்லை. யாருக்குத் தெரியப்போகிறது?

அனைவருக்கும் தெரிந்திருந்தது. கபாலி தட்டும் கையுமாகத் தம்மைப் படமெடுத்து, 'மொத பத்திரிகை எனக்கு' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தார். அதை எண்ணூரில் அண்ணன் வீட்டில் அமர்ந்து செல்வி பார்த்தாள். அருகிலிருந்த அண்ணனும் பார்த்தார்.

தேசிங்கு வாசலில், மீன் வைக்கும் ஐஸ் பெட்டியின்மேல் அமர்ந்திருந்தார்.

"வா மாப்ள. எங்கெங்க பூட்டு வர்ற?"

"நேராக இங்கேதான், மச்சான்." (இதை எண்ணி இன்றும் கூசுகிறேன்.)

அவர் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். "அவரு நல்ல மன்ஷன், அவருக்கு வெய்யி, வாணாங்கல. ஆனா கயலுக்கு மாமன் யாரு? நானா, அவரா?"

"செயலி தூரத்தைக் கணக்கிட்டு வரிசைப்படுத்திவிட்டது, மச்சான்."

"தூரமா? கூடப் பொறந்தவ வூட்டுக்கும் என் வூட்டுக்கும் இன்னா மாப்ள தூரம்? மாலைய அவரே போடட்டும், போ."

தட்டை அவர் தொடவில்லை. கதவோரம் நின்ற செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கப்பல் வரிசை அறிந்த எனக்கு, மகளின் கழுத்தில் விழ வேண்டிய மாலைக்கு வழி தெரியவில்லை. தட்டோடு நின்றேன். கை வலித்தது.

அப்போது ஒரு மொபெட் வந்து நின்றது. கபாலி இறங்கினார். கையில் மடித்த வேட்டி. நான் விட்டுப்போன அதை யாரிடம் கொடுப்பது என்று கேட்கச் செல்விக்குப் போன் செய்தவர், அவள் அழுகையிலேயே விவரம் அறிந்து வந்திருக்கிறார்.

"அண்ணாத்த, தப்பு எம்மேல. சாரு வேட்டி வாங்கத்தான் வந்தாரு. நான்தான் தட்டப் பாத்துட்டு கைய நீட்டிட்டேன். இல்லன்னு சொல்ல அவுருக்கு வாய் வர்ல. அந்தப் பேஜார்ல வேட்டியையும் வுட்டுட்டுப் பூட்டாரு."

தேசிங்கு வேட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வேட்டி வாங்கப் போயி, பத்திரிகைய வெச்சுட்டு, வேட்டிய வுட்டுட்டு வந்துகீறியா?"

"ஆம், மச்சான்."

"உன்ன நம்பி எவன் மாப்ள கப்பல வுட்டான்?"

முதலில் சிரித்தது செல்வி. பிறகு அவர். எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரு கைகளாலும் தட்டை வாங்கினார். பிறகு கபாலியிடம் திரும்பி, "வெச்ச பத்திரிகைய திருப்பி வாங்கக் கூடாது. நீயும் எங்கூட வா. சீர்த்தட்டு ஆளுக்கொண்ணு தூக்குவோம்" என்றார்.

திருமணத்தன்று அப்படியே தூக்கினார்கள். முதல் மாலையைத் தேசிங்கு போட்டார். அன்று முதல் கயலுக்குக் கபாலி 'இஸ்திரி மாமா'. அன்று முதல் நான் எந்த வீட்டுக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்பினாலும், வழியில் தேய்க்கப் போட்ட துணி உண்டா என்று விசாரித்த பிறகே என்னை அனுப்புகிறார்கள்.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். நான் பத்திரிகையைக் கொடுத்து வேட்டியை வாங்கி வந்ததாக உறவினர் சொல்லித் திரிகிறார்கள். அது தவறு. வேட்டியை நான் வாங்கவில்லை.