விளக்குப் படி

“சார், ஒண்டிக்கட்டை வீட்டைப் போயா மாதிரி வீடுன்னு எடுக்குறது?” என்று செல்வமணி கேட்டதும், மில்லின் நலத்துறை அதிகாரி ஏசுதாசன் பேனாவை மூடி வைத்தார்.

“கரண்டுக் கம்பத்துக்குப் பக்கத்து வீடு அதுதானப்பா. மில்லு குடுக்குற வாடகைப் படி முடிவாயிருச்சு. விளக்குப் படிதான் பாக்கி. பலவேசம் வீட்டுல மீட்டர் மாட்டியாச்சு. மாசத்துக்கு அங்க எத்தனை யூனிட் ஓடுதோ, அதுக்கு உண்டான காசுதான் லைன்ல எல்லா வீட்டுக்கும் படி.”

பலவேசத்துக்கு மனைவி இல்லை. மகன் பம்பாயில். இருட்டுவதற்குள் சாப்பிட்டுப் படுத்துவிடுகிற மனிதர். அவர் எரிக்கும் விளக்கை வைத்துப் படி போட்டால் தீப்பெட்டி வாங்கக்கூடக் காணாது.

செல்வமணியின் அவசரம் வேறு. தேனி மில் லைன் வீடுகளில் தேள் அதிகம். பிரசவத்துக்கு ஜெயமங்கலம் போன அவன் மனைவி சொர்ணலதா, “வீட்டுல வெளக்கு எரியட்டும், வாரேன். தேளும் பிள்ளையும் ஒரே இருட்டுல கிடக்க முடியாது” என்று சொல்லிவிட்டாள். படி இல்லாமல் கரண்டு இழுக்க அவன் சம்பளம் இடம் கொடுக்காது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொள்வான். திரும்பும்போது சட்டையில் பால் வாசனை இருக்கும். தேனி வருவதற்குள் அது டீசல் வாசனையாகிவிடும்.

அன்றைக்கே பலவேசத்தின் வீட்டுக்குப் போனான்.

“மாமா, நாளையிலிருந்து லைன்ல எல்லாரும் சாயங்காலம் உங்க வீட்டுக்கு வந்துர்றோம். நாலு பல்பு போட்டு எரிப்போம்.”

“ஏலே, எனக்கு வெளிச்சத்துல தூக்கம் வராது.”

“ஒரு மாசம் முழிச்சிருங்க.”

வந்தார்கள். பிள்ளைகள் பாடம் படித்தார்கள். ஆண்கள் சீட்டு விளையாடினார்கள். அடுத்த வீட்டு முத்துப்பேச்சி முறத்தோடு வந்து அரிசியில் கல் பொறுக்கினாள். பலவேசம் தன் வீட்டுக்கே விருந்தாளியாக வந்தவர்போல மூலையில் உட்கார்ந்திருந்தார்.

மாதம் முடிந்தது. அஞ்சு யூனிட்.

“சார், எங்கயோ தப்பு. இன்னும் ஒரு மாசம் பாருங்க” என்று கெஞ்சினான் செல்வமணி.

இந்த முறை வால்வு ரேடியோ வந்தது. இஸ்திரிப் பெட்டி வந்தது. கட்டிக்கொள்ள இரண்டே சேலை வைத்திருந்தவர்கள்கூட அவற்றைத் தினமும் தேய்த்து உடுத்தினார்கள். பலவேசம் புதிதாகப் பாய் வாங்கிப் போட்டிருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் வரக்காப்பி போட்டுக் கொடுத்தார்.

“சீனி பத்துதா ஆத்தா?” என்று ஒவ்வொருவராகக் கேட்டார்.

மாதம் முடிந்தது. மூணு யூனிட்.

ஏசுதாசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “ஆளு கூடக் கூட யூனிட் குறையுது. நீங்க கரண்டை வாங்குறீகளா, ஈபிக்குக் குடுக்குறீகளா?”

“இன்னும் ஒரே ஒரு மாசம் சார்.”

போடியிலிருந்து ஹீட்டர் அடுப்பு வந்தது. பாதி லைனுக்கு அங்கேயே சோறு வெந்தது. முத்துப்பேச்சி தன் மகள் காதுகுத்தையும் சீரியல் லைட் போட்டு அங்கேயே நடத்தினாள். பலவேசம் புது வேட்டி கட்டி வாசலில் நின்று சந்தனம் கொடுத்தார்.

இதற்குள் ஜெயமங்கலத்தில் பிள்ளை குப்புற விழுந்து, தவழவும் ஆரம்பித்திருந்தான். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை செல்வமணி கை நீட்டியதும் வீரிட்டு அழுது அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

“அழுவாதடா, வேத்தாளு இல்ல. உங்கய்யாதான்” என்றாள் சொர்ணலதா. பிறகு பிள்ளையின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு கேட்டாள். “இருட்டோட இருட்டா இருந்துக்கிருவோமே. நான் வந்துரவா?”

“வேணாம். நேத்துக்கூட உலைமூடிக்கு அடியில ஒரு தேளு.” அவன் வெறுங்கையோடு பஸ் ஏறினான். அன்று சட்டையில் பால் வாசனை இல்லை.

மறுநாள் ஏசுதாசன் கூப்பிட்டு அனுப்பினார். “ரெண்டு யூனிட். இதுக்கு மேல என்னால தள்ள முடியாது. நாளைக்குக் கணக்கை மேல அனுப்பிருவேன்.”

“அப்ப மீட்டர்தான் கெட்டுப்போயிருக்கும் சார். லைன்மேனை ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க. ஒரே தடவை.”

அன்று சாயங்காலமே லைன்மேன் ஒச்சாண்டி, சொல்லாமல் கொள்ளாமல் சைக்கிளில் வந்து இறங்கினார். வீடு நிறைந்திருந்தது. ரேடியோ பாடியது. யாரோ சீட்டில் ஏமாற்றியதாகச் சண்டை நடந்தது. ஒச்சாண்டி எல்லாரையும் தாண்டி, மீட்டர் இருந்த சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே பலவேசம் காப்பி போட்டுக்கொண்டிருந்தார்.

செல்வமணி வாசலுக்கும் கம்பத்துக்குமாக நடந்தான். மீட்டர் மட்டும் கெட்டிருந்தால் போதும். புது மீட்டர், சரியான யூனிட், ஒரு பல்பு, அதன் கீழே தவழும் பிள்ளை. அந்தப் பல்பை எந்த உத்தரத்தில் தொங்கவிடுவது என்றுகூட அவன் முடிவு செய்துவிட்டான்.

ஒச்சாண்டி வெளியே வந்தார். கையில் ஒரு தம்ளர் காப்பி. அவனைக் கம்பத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“மீட்டர் கெட்டுப்போச்சாண்ணே?”

“மீட்டர் நல்லாத்தாம்ப்பா இருக்கு. நீங்கள்லாம் வார நேரம் பாத்துப் பலவேச மாமாதான் அதை ஒரு பக்கமாச் சாய்ச்சுச் சக்கரத்தை நிப்பாட்டி வச்சிர்றாக. ஏன் மாமான்னு கேட்டேன். ‘படி கிடைச்சுட்டா எல்லாரு வீட்லயும் வெளக்கு எரியும் ஒச்சாண்டி, அப்புறம் இங்கன யாரு வருவா’ன்னாக.”