என் வண்டி தானாகவே நான்கு சக்கரத்தில் ஓடிய விதம்

பிதியா,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து

மஸ்கட்டில் இருக்கும் மரியாதைக்குரிய ஸுவைனா அக்காவுக்குத் தம்பி கல்ஃபான் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் பிள்ளைகளும் ஒட்டகங்களும் சுகம். உங்கள் சுகமும் மச்சானின் சர்க்கரை அளவும் அறிய ஆவல். போனில் சொல்லலாம்தான், நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், மச்சான் சிரிப்பார்.

விஷயம் என் மகள் ஷம்ஸாவின் வேலை. மணற்காட்டுக்குள் போய்க் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடும் வண்டியை ஓட்ட அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் சரி என்று சொல்லிவிட்டீர்களாம். தயவுசெய்து அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுங்கள். காரணம் சொல்கிறேன்.

என் புதிய பிக்கப்பில் திருகுகிற குமிழ் ஒன்று இருக்கிறது. அதை 'ஆட்டோ'வில் வைத்தால் பின்சக்கரம் இரண்டும் வண்டியைத் தள்ளும், முன்சக்கரம் இரண்டும் மாப்பிள்ளைத் தோழர்கள் மாதிரி சும்மா கூட வரும். பின்சக்கரம் வழுக்கி அதிகமாகச் சுற்றினால், சுற்றை எண்ணிக்கொண்டிருக்கும் கருவி அதைக் கண்டுபிடித்து, நடுவிலுள்ள கிளட்சை இறுக்கி, முன்சக்கரத்தையும் வேலைக்கு இழுத்துவிடும். தரை சரியானதும் விட்டுவிடும். வண்டிக்கே இவ்வளவு புத்தி இருக்கும்போது ஓட்டுகிறவனுக்கு எதற்கு என்று நான் நினைத்தது உண்மை.

மணலில் ஓட்டுவது தன்னால் ஆகாது என்று ஷம்ஸாவே ஒப்புக்கொள்ளட்டும் என்று செவ்வாய்க்கிழமை அவளைக் கூட்டிப்போனேன். பின்னால் ஒரு ஒட்டகத்தையும் படுக்கவைத்திருந்தேன். மணலுக்கு நாலு மைல் முன்பே நிறுத்தி, பின் டயர் இரண்டில் மட்டும் காற்றை இறக்கினேன்.

"வாப்பா, முன் டயரு?"

"அது என்ன வேலையா செய்யுது? உழைக்கிறவனுக்குத்தான் சௌகரியம் பண்ணிக் குடுக்கணும்."

"நாலும் ஒரே மாதிரி இருக்கணும் வாப்பா. புஸ்தகத்துல போட்டிருக்கு."

"புஸ்தகம் எழுதுனவன் பிதியாலயா பொறந்தான்?"

காற்று குறைந்து, ஒட்டகத்தின் கனமும் சேர்ந்து, பின் டயர்கள் சப்பையாகிச் சிறுத்து, அதனாலேயே முன் டயர்களைவிட அதிகமாகச் சுற்றின. வண்டி பாவம், பின்சக்கரம் வழுக்குகிறது என்றே நம்பி, கெட்டித் தரையிலும் ஓயாமல் முன்சக்கரத்தைக் கூப்பிட்டது. கிளட்ச் சூடாகி மஞ்சள் விளக்கு எரிந்தது. "நிறுத்துங்க வாப்பா, ஆறட்டும்" என்றாள். நான் இன்னும் அழுத்தினேன். மணல்மேட்டின் பாதியில் கிளட்ச் முன்சக்கரத்தைக் கைவிட்டது. பின்சக்கரம் தனியாகக் கிணறு தோண்டியது. ஒட்டகம் எழுந்து தானே இறங்கிப் போய், என்னைப் பார்த்தபடி அசைபோட்டது.

அப்போது தூரத்தில் ஹமூதின் வண்டி தெரிந்தது. முப்பது வருஷமாக மணலிலிருந்து அவனை இழுத்துவிடுபவன் நான். அவன் என்னை ஒரே ஒருமுறை இழுத்தால் போதும், பிதியாவில் ஒரு வருஷத்துக்குக் காபியோடு பேரீச்சம்பழம் தேவைப்படாது, அந்தக் கதையையே மெல்லுவார்கள்.

"கொஞ்சம் எறங்குங்க வாப்பா" என்றாள் ஷம்ஸா. முன் டயரிலும் அதே அளவு காற்றை இறக்கினாள். மணலைத் தள்ளினாள். கிளட்ச் ஆறும்வரை நிதானமாகக் காத்திருந்தாள். நான்தான் ஹமூதின் தூசியை எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு ஆட்டோவை விட்டு, நான்கு சக்கரமும் பூட்டி மெதுவாக இழுக்கும் இடத்துக்குக் குமிழைத் திருப்பி, வந்த தடத்திலேயே பின்னோக்கி வண்டியை இறக்கிக் கொண்டுவந்துவிட்டாள்.

"என்ன கல்ஃபான், மாட்டிக்கிட்டியா?" என்றான் ஹமூத்.

"இல்லப்பா, புள்ளைக்கு ஓட்டக் கத்துக்குடுக்கறேன்."

ஷம்ஸாவும் ஆமாம் என்று தலையாட்டினாள். எனக்கு அவமானமாக இருந்தது அக்கா.

ஆகவே, எனக்கே இந்தக் கதி என்றால் அவள் கதி என்ன? உள்ளே போனால் போன் எடுக்காது. எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அல்லாஹ் உங்கள் வீட்டில் பரக்கத்தைப் பெருக்கட்டும். மச்சானுக்கு அல்வா கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி கல்ஃபான்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டு எதிரே நிற்பவள் ஷம்ஸாதான். தனியாக ஓட்டி வந்திருக்கிறாள். வேலைக்குச் சம்மதம் என்று காலையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவளுக்கு முதலில் சோறு போடுங்கள்.