கழுகுப்பாறைத் தோட்டம் தலைநகரை மாற்றிய வரலாறு

உலகத்தில் எத்தனையோ நாடுகள் தலைநகரை மாற்றியிருக்கின்றன. ஆனால் அந்த மகத்தான காரியத்தை முறைப்படி, மாலை மரியாதையோடு செய்து காட்டியது இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துக் கழுகுப்பாறைத் தேயிலைத் தோட்டம் ஒன்றுதான்.

தோட்டத்துக்கு இரண்டு பிரிவு. மேல்கணக்கில் நாற்பது குடும்பம். கீழ்க்கணக்கில் இருநூறு. தோட்ட ஆபீஸோ மேல்கணக்கில், மூன்று மைல் ஏற்றத்தில். குளிரை விரும்பிய எவனோ ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டிவிட்டுப் போனது.

"சனம் எங்க இருக்கோ அங்கதாங்க தலைநகரம்!" ஆபீஸ் கீழ்க்கணக்குக்கு இறங்கவேண்டும் என்று, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் தோட்டத் தலைவர் மாயாண்டி முழங்கினார்.

கீழ்க்கணக்கு நாகலெட்சுமிதான் முதலில் கை தூக்கினாள். லயத்து வரிசை வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது. எல்லார் கடிதமும் ஆபீஸ் கண்ணாடி அலுமாரிக்குத்தான் வரும். மகள் சுலக்ஷனாவுக்குக் கண்டியில் தாதிப் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் வரவேண்டும். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு தினமும் ஏறி இறங்கி அவளுக்கு முழங்கால் விட்டுப்போயிற்று. ஆபீஸ் பக்கத்தில் வந்தால் போதும், சாமி!

மேல்கணக்குக்காரரான கிளாக்கர் இராயப்பன் விடுவாரா? "ஒசரத்துல இருந்தாத்தான் ஆபீஸுக்கு மதிப்பு" என்றார். ஏழு கூட்டம் நடந்தது. தேத்தண்ணி மட்டும் ஒருமனதாக நிறைவேறியது. எட்டாவது கூட்டத்தில் பிறந்தது 'வரலாற்றுச் சமரசம்': அலுமாரி கீழே போகும், சாவி மேலேயே இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் கௌரவம்.

வியாழக்கிழமை, அன்றைய தபாலை உள்ளே வைத்து அலுமாரியைப் பூட்டி, கண்ணாடி உடையாமல் சாக்கால் சுற்றிவிட்டார்கள்.

"கிளாக்கரய்யா, எம்புள்ளைக்குக் கடுதாசி வந்திருக்குங்களா?"

"தலைநகரமே எடம் மாறுது, ஒனக்குக் கடுதாசி பெருசாப் போச்சா? தெறப்பு விழா முடியட்டும்மா."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி நல்ல நேரம். தப்பு முழங்க, பட்டுத் துணி போர்த்திய அலுமாரி நான்கு பேர் தோளில் சாமி மாதிரி கீழ்க்கணக்கில் வந்து இறங்கியது. வாசலில் சேலை கட்டிய சுலக்ஷனா சந்தனத் தட்டோடு வரவேற்றாள். "படிச்ச புள்ள நின்னாத்தான் தலைநகரத்துக்கு அழகு" என்று மாயாண்டியே வீடு தேடி வந்து கேட்டிருந்தார். போட்டோ பிடித்தார்கள்.

சனிக்கிழமை பட்டும் சாக்கும் அவிழ்ந்தன. கண்ணாடிக்குள்ளே நீளமான உறை. மேலே சுலக்ஷனாவின் பெயர்.

"தலைவரே, சாவி?"

"அது மேலதான இருக்கு!"

நாகலெட்சுமி மூன்று மைல் ஏறினாள்.

"அது தலைநகரச் சாவிம்மா" என்றார் இராயப்பன். "தீர்மானம் இல்லாம கையவிட்டு எறங்காது. அடுத்த மாசக் கூட்டத்துல கேளு."

இறங்கி வந்தவள் கல்லை எடுத்தாள். போட்டாள் ஒரு போடு.

அவசரக் கூட்டம் கூடியது. 'தலைநகரைத் தாக்கிய குற்றம்' என்று மாயாண்டி தொண்டையைச் செருமினார். நாகலெட்சுமி கடிதத்தை மகளிடம் நீட்டி, எல்லாருக்கும் கேட்கப் படிக்கச் சொன்னாள். நேர்முகத் தேர்வு கண்டியில், வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. நேற்று.

"அந்நேரம் எம்புள்ள ஒங்களுக்குச் சந்தனம் நீட்டிக்கிட்டு நின்னாளேய்யா! அவ கடுதாசிய அவ முன்னாலயே தூக்கிக்கிட்டு வந்தீங்களே, பாவிகளா!"

கூட்டம் ஆழ்ந்த அனுதாபத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. உடைந்த கண்ணாடிக்கும் அங்கேயே வழி கண்டது. விழாப் போட்டோவைப் பெரிதாக்கி அந்த ஓட்டையில் பொருத்தினார்கள். இன்றைக்கும் அதில் சுலக்ஷனா சந்தனத் தட்டோடு சிரித்தபடி நிற்கிறாள். கீழே கொட்டை எழுத்தில்: 'தலைநகரம் மக்களைத் தேடி வந்த நாள்.'