இரண்டில் நிற்கும் ஆயில் முள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம், உங்கள் காரைத் தவிர. நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருக்கும் உங்களுக்கு உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். போனில் சொல்லலாம் என்றால் நான் விஷயத்துக்கு வருவதற்குள் லைன் அறுந்துவிடுகிறது. நான் விஷயத்துக்கு வரத்தான் நேரமாகிறது என்று உங்கள் மாமியார் சொல்கிறார். அது கிடக்கட்டும்.

பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரி முக்கால் மணி நேரத் தூரம். வழியில் உங்கள் கார் நின்றுபோனால் வலியோடு இருக்கும் பெண்ணை நடுரோட்டில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? எனக்கு இந்த ஒரே கவலைதான். ஒத்திகை பார்த்துவிடுவோம் என்று போன திங்கட்கிழமை நான் மட்டும் ஓட்டிப் போனேன். கிளப்பும்போது ஆயில் அழுத்தம் காட்டும் முள் நான்கில் இருந்தது. எஞ்சின் சூடாகி, ரோடு காலியாகி, வண்டி சீராகப் போகிற நேரத்தில் சட்டென்று இரண்டுக்கு இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. குடிநீர் பம்ப் அறையில் முப்பத்தொரு வருஷம் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவன் நான். அங்கே முள் இறங்கினால் மூன்றாம் மாடிக்காரர்கள் குடத்தோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆயில் குறைந்திருக்கும் என்று நானே முடிவுகட்டி ஒரு லிட்டர் வாங்கி ஊற்றினேன். அளவுக்குச்சியைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன், ஊற்றிய பிறகு.

முள் அசையவில்லை. நேராக மீசை மெக்கானிக்கிடம் போனேன். மீசையை எடுத்துப் பல வருஷம் ஆகிறது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் அதிகப்படி ஆயிலை வடித்துவிட்டு, "பம்ப் கெடல சார். வேணும்னேதான் கொறைச்சு ஓடுது" என்றார்.

"வேணும்னேவா?"

"பழைய பம்ப் எஞ்சின் வேகத்துக்கு ஏத்த மாதிரி தள்ளிக்கிட்டே இருக்கும். தேவைக்கு மேல போறதை ஒரு வால்வு திருப்பிக் கீழயே விட்டுடும். வீண் ஒழைப்பு, பெட்ரோல் தண்டம். இதுக்குள்ள ஒரு வளையம் இருக்கு. அது நகர்ந்தா ஒவ்வொரு சுத்துக்கும் அள்ளுற ஆயில் கொறையும். எவ்வளவு வேணும்னு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வளையத்தை நகர்த்தும். மேட்டுல ஏறி நல்லா மிதிங்க, தானா நாலுக்கு வரும்."

தன் வேலையைத் தானே குறைத்துக்கொள்ளும் பம்பை நான் எங்கள் ஆபீசில் பார்த்ததில்லை. ஆட்களைத்தான் பார்த்திருக்கிறேன். "கம்ப்யூட்டர்லேருந்து வர்ற ஒயரைக் கழட்டினா என்ன ஆகும்?" என்று கேட்டேன். "எப்பவும் முழு அழுத்தத்துல ஓடும். ஆனா சார்..." என்று இழுத்தார். "கழட்டுங்க" என்றேன்.

அதன் பிறகு முள் இரண்டுக்கு இறங்கவே இல்லை. ஆனால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிய ஆரம்பித்தது. அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டினேன். ஒட்டியும் நிம்மதி இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கிப் போய்க் காரைக் கிளப்பிப் பார்த்துவிட்டு வந்தேன். உங்கள் வீட்டம்மா ஜன்னலைத் திறந்து, "அப்பா, பிரசவம் எனக்கா, காருக்கா?" என்று கத்தினாள். மெக்கானிக் சொன்னதைச் சாப்பிடும்போது உங்கள் மாமியாரிடம் சொன்னேன். "அந்தப் பழைய பம்ப் நீங்கதான். தேவையோ இல்லையோ, முழு வேகம்" என்றார்.

ஆகவே முடிவுசெய்துவிட்டேன். உங்கள் காரை நம்பி என் பெண்ணை ஏற்ற மாட்டேன். எதிர்வீட்டு டைல்ஸ் கடைக்காரரின் வேனைப் பேசி வைத்திருக்கிறேன். வேன் பேசியதிலிருந்து உங்கள் காரை நான் தொடவே இல்லை. நீங்கள் வந்ததும் முதல் வேலையாக அந்தப் பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒழுங்காக வேலை செய்கிற ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். காற்றில் நிற்காதீர்கள். எங்கள் ஆசி உங்களுக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: மேலே இருப்பதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். தபாலில் போடச் செருப்பை மாட்டும்போதே வலி வந்துவிட்டது. வேன் டைல்ஸ் ஏற்றிக்கொண்டு எங்கோ போயிருந்தது. உங்கள் காரில்தான் போனோம். வழி நெடுக நான் முள்ளைப் பார்க்கவில்லை, கண்ணாடியில் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். சாயங்காலம் துணி எடுக்க வீட்டுக்குத் திரும்பும்போதுதான் கவனித்தேன், முள் இரண்டில் நிற்கிறது. டேப்பை உரித்தால் விளக்கு எரியவில்லை. முந்தாநாள் நான் வேன் பேச டைல்ஸ் கடைக்குப் போன சமயம் அம்மாவும் பெண்ணும் மீசையை வரவழைத்து ஒயரை மாட்ட வைத்திருக்கிறார்கள். "தெரிஞ்சா தூங்கமாட்டீங்கன்னு சொல்லல" என்கிறார் உங்கள் மாமியார். பம்பை மாற்ற வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று. பெண் குழந்தை. மூன்று கிலோ இருநூறு. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.