மலையிலிருந்து குலுங்கி வந்த ரத்தம்

படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், தானே டாக்டர் என்ற நினைப்பு யாருக்கும் கொஞ்சம் வரும். எனக்கு ஜாஸ்தியாகவே வந்தது.

கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். கல்வராயன் மலைக் கிராமம் ஒன்றில் மருத்துவ முகாம். அங்கே எடுத்த ரத்தக் குழாய்களைச் சாப்பாட்டுக் கூடையில் போட்டு, பைக் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு, மலைப்பாதையில் (பாட்டு வேறு பாடிக்கொண்டு) இறங்கினேன்.

மிஷினில் வைத்தால் அத்தனை பேருக்கும் பொட்டாசியம் எக்கச்சக்கம். இவ்வளவு ஏறினால் இதயமே நின்றுவிடலாம் என்று படித்திருந்தேன். டாக்டரிடம்கூடக் கேட்காமல் ஊருக்குப் போன் போட்டு, எல்லோரையும் உடனே இறங்கி வரச் சொன்னேன்.

சாமை அறுவடையைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரு சரக்கு வண்டி நிறைய வந்தார்கள். சடைச்சி அக்காவுக்குத்தான் அளவு உச்சம். சக்கர நாற்காலியோடு ஓடினேன். அவர் அதில் தன் பையை வைத்துவிட்டு, எனக்கு முன்னால் விறுவிறுவென்று படியேறினார். வழியெல்லாம் அழுத அவர் கணவர்தான் தள்ளாடி வந்தார்.

டாக்டர் ஈசிஜி எடுத்தார். ஒரு கோளாறும் இல்லை. பிறகு என் குழாய்களைத் தூக்கிப் பார்த்தார். மேலே தெளிந்து நிற்கும் நீர் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். இதுவோ ரோஸ்மில்க் நிறம்.

"எப்டிப்பா எட்தாந்த?"

"ஹேண்டில்ல மாட்டிகினு வந்தேன் சார்."

குலுங்கிய குலுக்கலில் ரத்த அணுக்கள் உடைந்து, உள்ளே இருந்த பொட்டாசியம் வெளியே கலந்திருந்தது. மறுபடி ரத்தம் எடுத்தோம். எல்லோருக்கும் அளவு சரியாக இருந்தது.

நான் மன்னிப்புக் கேட்டேன். சடைச்சி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வண்டில வரப்ப இவரு எனக்கு புதுப்பொடவ எட்த்து தரன்னாரு. அதயும் தப்புன்னு சொல்லிடாதீங்க தம்பி."

இப்போது ரத்தம் ஸ்பாஞ்சு வைத்த பெட்டியில், நிமிர்ந்து நின்றபடி, காரில் வருகிறது. முதலில் நிறம் பார்க்கிறோம். சந்தேகம் வந்தால் டாக்டரிடம் சொல்லி, மறுபடி எடுக்கிறோம். அதன்பிறகு யாரும் வீணாக அழுதுகொண்டு மலையிறங்கவில்லை.

வீட்டில்தான் அந்தக் கதை என்னை விடவில்லை. போன வாரம் போனில் மகளின் பரீட்சை முடிவைப் பார்த்து, கணக்கில் போச்சு என்று தலையில் கைவைத்தேன். மனைவி தோசைக் கல்லிலிருந்து திரும்பவே இல்லை.

"இன்னொரு தபா பாத்துட்டு அப்பறமா அழுவு."

பார்த்தேன். அது வேறு யாரோ ஒரு பிள்ளையின் நம்பர்.