ஒரு டிஷ், இரண்டு தலை

நாற்பது வருடம் நான் எந்த முதலாளிக்கும் பணிந்ததில்லை. மூன்று முறை வேலை போயிருக்கிறது. ஒரு முறை பல்லும் போயிருக்கிறது. கொள்கை போனதில்லை. அப்படிப்பட்ட நான், போன திங்கட்கிழமை காலை பல் துலக்கும்போது ஒரு தீர்மானம் நிறைவேற்றினேன். முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவனும் நான். எதிர்ப்பு இல்லை. மனைவி நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள்.

தீர்மானம் இதுதான்: வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டு டிவி என் வசம் இருக்க வேண்டும்.

காரணம் உண்டு. வெளிநாட்டுச் சேனல் ஒன்று பழைய ஆலைப் போராட்டங்களைப் பற்றி ஒரு படம் காட்டுகிறது. ஒரே ஒரு தடவை. எங்கள் நூற்பாலை வேலைநிறுத்தமும் அதில் வருகிறது. வாயிலில் எண்ணெய்ப் பீப்பாய் மேல் ஏறி நின்று நான் பேசிய பேச்சு நாற்பது விநாடி வருகிறதாம். படம் எடுத்தவர்கள், மெகாஃபோன் என்று நாங்கள் கூப்பிடும் சங்கத் தோழருக்குக் கடிதம் போட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் அவர் கத்தினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். இப்போது அவருக்கே கேட்பதில்லை.

இத்தனை வருடத்தில் எந்தப் பத்திரிகையும் என் பெயரைப் போட்டதில்லை. “சில விஷமிகள்” என்று போடும். அது நான்தான். அந்த விஷமிக்கு முகம் உண்டு, குரல் உண்டு என்று உலகம் ஒரு தடவையாவது பார்க்கட்டும். வேறு ஆசை எனக்கில்லை.

சிக்கல் வானத்தில் இருந்தது. எங்கள் சின்ன டிஷ்ஷுக்கு ஒரே ஒரு சேட்டிலைட்தான் கண்ணுக்குத் தெரியும். அது மனைவியின் சீரியல் பொழிகிற சேட்டிலைட். என் சேனல் அதற்கு அடுத்ததில் இருந்தது. இன்னொரு டிஷ் வைக்கலாமென்றால், மொட்டை மாடியில் வீட்டுக்கு ஒரு டிஷ்தான் என்பது வீட்டுக்காரர் போட்ட சட்டம்.

மூடிப்போன ஒரு லாட்ஜில் ஆறடி டிஷ் ஒன்று சும்மா கிடந்தது. டிஷ் மெக்கானிக்கும் நானுமாகச் சேர்ந்து சின்னதை இறக்கிவிட்டு அதை மாடியேற்றினோம். மனைவி தையல்காரி. முன்னறையில்தான் மிஷின். கழுத்தில் டேப்போடு பின்னாலேயே வந்துவிட்டாள்.

“பெரிய டிஷ்ஷா இருக்கறது நல்லது சார்” என்றார் மெக்கானிக். “சிக்னல் பிடிக்கற தலை ஒண்ணு நடுவுல, ஒண்ணு பக்கத்துல. ரெண்டு சேட்டிலைட்டும் ஒரே டிஷ்ல வந்துடும். ரிமோட்ல ஒண்ணை அமுக்கினா நடுத்தலை, ரெண்டை அமுக்கினா பக்கத்துத் தலை. ஆனா இது கண்ணாடி மாதிரி சார். அடுத்த சேட்டிலைட் இடது பக்கம் இருந்தா, தலையை வலது பக்கம் மாட்டணும்.”

நான் சிரித்தேன். கண்ணுக்கு நேராகத் தெரிவதைத் தலைகீழாகச் சொல்பவன் முதலாளியின் ஆள் என்பது என் அனுபவம். கூலியைக் குறைத்தால் வேலை பெருகும் என்று எங்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவரும் ஒரு வல்லுநர்தான்.

“இடது பக்கம் இருக்கறதைப் பிடிக்க வலது பக்கம் போகணுமா? இதை யாருய்யா உனக்குச் சொல்லிக் குடுத்தது?”

“யாரும் சொல்லல சார். டிஷ்ல பட்டா சிக்னல் அப்படித்தான் திரும்பும்.”

“அதையும் விலைக்கு வாங்கிட்டாங்களா!”

“நானே மாட்டிக் குடுத்துட்டுப் போறேனே சார்.”

“வேணாம். ஸ்பானரை வச்சிட்டுப் போ.”

மனைவி நடுவில் புகுந்தாள். “ஏம்ப்பா, ரெண்டு தலைக்கும் ஒரே மரியாதைதானா?”

“இல்லக்கா. நடுத்தலைக்கு சிக்னல் பலமா வரும். பக்கத்துத் தலைக்குக் கொஞ்சம் கம்மி. மழை வந்தா முதல்ல அதுதான் போகும்.”

“அப்ப நடுவுல என் சீரியல்.”

“ஏம்மா, நாற்பது வருஷப் போராட்டம்...”

“என் சீரியல்ல மருமகளும்தான் ஆறு வருஷமா போராடுறா. உங்களுது நாப்பது விநாடி. ஓரமா நின்னா ஒண்ணும் கால் வலிக்காது.”

நான் உடனே ஒப்புக்கொண்டேன். நிர்வாகத்திடம் நான் கற்ற ஒரே பாடம் இது: மேஜையில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, பிறகு மாடிக்குப் போய் உன் இஷ்டப்படி செய்.

செய்தேன். இரண்டு மணிநேரம் வெயிலில் நின்று டிஷ்ஷை என் சேட்டிலைட்டின் பக்கம் திருப்பினேன். நடு இடம் எனக்கு. அவளுடைய சேட்டிலைட் அதற்கு இடது பக்கம். அதனால் அவள் தலையை, மெக்கானிக் சொன்னதற்கு நேர்மாறாக, இடது பக்கத்திலேயே முறுக்கி மாட்டினேன்.

என் சேனல் பளிச்சென்று வந்தது. அவளுடையது வரவே இல்லை. மெக்கானிக் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று அப்போது புரிந்தது. ஆனால் தப்பை ஒப்புக்கொள்வது என் துண்டறிக்கை எதிலும் இல்லாத பழக்கம்.

“என்னங்க, சீரியல் வரல.”

“மேலே கோளாறு.”

“மாடியிலயா?”

“அதுக்கும் மேலே. வானத்துல.”

“எத்தனை நாளைக்கு?”

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்.”

“ஆறு மணிக்குச் சரியாயிடும்னு வானத்திலேர்ந்து ஆள் அனுப்பிச் சொன்னாங்களா?”

“ஒரு ஊகம்தான்.”

“எதிர்வீட்ல வருதே?”

“அது அவங்க வானம்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அளவு எடுக்கிற பார்வை. பிறகு எதிர்வீட்டு அக்காவிடம் சீரியல் பார்க்கப் போய்விட்டாள். மூன்று நாள் இப்படியே. சண்டை இல்லை, சாப்பாட்டில் உப்புக் குறையவில்லை. நிர்வாகம் வாய் மூடி இருந்தால் தொழிலாளி கண் மூடக் கூடாது. நான் மூடினேன். வியாழக்கிழமை மத்தியானம் நிம்மதியாகப் படிப்பகத்துக்குப் போய், பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு மெகாஃபோன் தோழர் வந்தார். சங்கத்தின் இப்போதைய செயலாளரும் வந்தார், துடிப்பான ஆள். எதிர்வீட்டு அக்காவை யாரும் கூப்பிடவில்லை. அவரும் வந்தார். மனைவி எல்லாருக்கும் டீ கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஐந்து அடித்தது. நான் எழுந்து நின்றேன். “தோழர்களே” என்று ஆரம்பித்து, ரிமோட்டில் ஒன்றை அமுக்கினேன்.

திரையில் ஒரு பெண் கதவில் சாய்ந்து கதறி அழுதுகொண்டிருந்தாள்.

“தோழர்! இந்தம்மா எந்த ஆலை?” என்று கத்தினார் மெகாஃபோன்.

மறுபடி அமுக்கினேன். மறுபடி அழுதாள். ஐந்து மணி ஒரு நிமிடம். நாற்பது வருடம் என் விரல் நுனியில் நழுவிக்கொண்டிருந்தது.

“ரெண்டை அமுக்குங்க” என்றாள் மனைவி.

அமுக்கினேன். என் சேனல்! படம் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

“எப்படி...?”

“நேத்து நீங்க தூங்கப் போனப்ப மாடிக்குப் போனேன். அக்கா கீழே டிவியைப் பாத்து ஜன்னல் வழியா குரல் குடுத்தாங்க. டிஷ்ஷை மெதுவா இடது பக்கம் திருப்பினேன். என் சீரியல் நடுவுக்கு வந்துச்சு.”

“அப்ப என்னுது?”

“என்னுது நடுவுக்கு வந்தா உங்களுது வலது பக்கம் போயிடும். வலது பக்கம் இருக்கறதைப் பிடிக்கத் தலை எங்க இருக்கணும்? இடது பக்கம். அங்கதான் நீங்க ஏற்கெனவே முறுக்கி வச்சிருக்கீங்களே. நீங்க செஞ்ச தப்புல கை வைக்கவே இல்ல. அதைச் சுத்தி மத்ததையெல்லாம் சரி பண்ணிட்டேன். முப்பது வருஷமா வேற என்ன பண்றேன்?”

எதிர்வீட்டு அக்கா டீயைப் பார்த்துச் சிரித்தார்.

அதற்குள் திரையில் எங்கள் ஆலை வாயில். கூட்டம். பீப்பாய். பீப்பாய் மேல், தலை நிறைய முடியோடு, நான்! வாயைத் திறந்தேன். வெளியே வந்தது யாரோ ஒரு வெளிநாட்டுக்காரரின் குரல். என் பேச்சின் மேல் அவர் சாவகாசமாக ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினேன்.

“எனக்குத்தான் கேக்கலையா, இல்ல யாருக்குமேவா?” என்றார் மெகாஃபோன்.

முகம் கிடைத்தது. குரல் போய்விட்டது.

அப்போது பக்கத்திலிருந்து ஒரு குரல். “எங்கள் இரவுகளை நூற்று உங்கள் பகல்களுக்குச் சட்டை தைத்தீர்கள்...” மனைவி. திரையில் என் உதடு அசைய, அவள் வாயிலிருந்து என் வார்த்தை. ஒரு சொல் பிசகவில்லை. கல்யாணமான புதிதில் அந்தப் பேச்சைச் சமையலறை வாசலில் நின்று பதினெட்டு தடவை ஒத்திகை பார்த்தவன் நான். பதினெட்டு தடவையும் கேட்டவள் அவள்.

“இந்த இடத்துல இவருக்கு மறந்துபோச்சு. பாருங்க, மூக்கைச் சொறியறாரு” என்று நடுவில் ஒரு மூச்சு விட்டாள். திரையில் நான் மூக்கைச் சொறிந்தேன். “...இனி எங்கள் நூல் எங்கள் கையில்!” என்று முடித்தாள். திரையில் என் முஷ்டி உயர்ந்தது. நான் பேசியபோதுகூட அது அவ்வளவு நன்றாக இருந்திருக்காது.

செயலாளர் எழுந்து நின்று கை தட்டினார். மெகாஃபோன், எதுவும் கேட்காவிட்டாலும், கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார். நானும் தட்டினேன். வேறு வழியில்லை, மனமும் அப்படித்தான் இருந்தது.

கிளம்பும்போது செயலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “தோழர், அடுத்த மாசம் வாயிற்கூட்டம் போடறோம். நல்ல பேச்சாளர் ஒருத்தர் வேணும்” என்றார்.

நான் துண்டைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்தேன்.

“அண்ணிக்கு எந்தத் தேதி வசதிப்படும்னு கேட்டுச் சொல்லுங்க.”