நடுவில் ஒரு மிலிட்டரி காம்பவுண்ட்

மேப்பில் பார்த்தால் எல்லாமே பக்கம்தான். இந்த ஒரு தைரியத்தில் என் கல்யாணத்தையே கோட்டைவிடப் பார்த்தேன்.

அப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் பிராட்பேண்ட் பிளானிங் எஞ்சினியராகச் சேர்ந்திருந்தேன். எந்த ஏரியாவுக்கு டெலிபோன் கம்பி வழியாகவே இன்டர்நெட் கொடுக்கலாம், எங்கே வயர்லெஸ் போடலாம், யாருக்கு என்ன வேகம் என்று தீர்மானிக்கிற வேலை. (சேர்ந்தது நேத்து, பேச்சு மட்டும் ரிட்டயர் ஆகப்போறவன் மாதிரி.)

அதே ஊரில் மர்பி டவுன் ஏரியாவில் பெண் பார்க்கப் போய் ஸ்டெல்லாவை எனக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கும் சம்மதம். ஆனால் குவைத்தில் இருக்கும் அவள் அண்ணன் ஆன்டனி, என்னிடம் வீடியோவில் பேசிப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு எதுவும் என்று சொல்லிவிட்டார்.

"தம்பி, நம்ம வீட்டுக்கு அந்த இன்டர்நெட் ஒழுங்கா வருமாப்பா? இல்ல, பிரௌசிங் சென்டருக்கே போயிடலாமா?" என்று கேட்டார் அவள் அப்பா சூசை மாமா.

என்னிடமே இப்படிக் கேட்டால்? மேப் பிரிண்ட் ஒன்றில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து அவர் வீட்டுக்கு ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டேன். கம்பி நீள நீள வேகம் குறையும். இதுவோ கூப்பிடு தூரம். "பெரிய பிளானே போடுங்க மாமா, சினிமா மாதிரி தெரியும்" என்று அந்தத் தாளையும் அவர் கையில் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். ஆன்டனி கட்டம் கட்டமாக வந்தார். "குடிப்பீங்களா?" என்ற கேள்வி மட்டும் தெளிவாகக் கேட்டது.

"குடிக்கிற பழக்கம் எனக்குக் கிடையவே கிடையாதுங்க" என்றேன். இன்டர்நெட் போய்விட்டது.

உடனே வீட்டு டெலிபோன் அடித்தது. அதே கம்பிதான். ஆன்டனியின் குரல் ரிசீவரைத் தாண்டி ஹால் முழுக்கக் கேட்டது.

"அப்பா, 'குடிக்கிற பழக்கம் எனக்கு'ன்னு அவனே ஒத்துக்கிட்டான். படத்துல அப்படியே நின்னுட்டான், அரைக்கண்ணு, தொறந்த வாயி. இப்பவே போட்டுட்டுதான் உக்காந்திருக்கான்பா. இந்தச் சம்பந்தம் வேணாம்."

மாமா என்னைப் பார்த்தார். ஸ்டெல்லா கைவிட்டுப் போகப் போகிறாள் என்று நிஜமாகவே பயந்தேன். நாக்கு புரளவில்லை. (அதுவும் குடிகாரன் லட்சணம்தான்.)

ஸ்டெல்லா அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள்.

"இந்தக் கோட்டு மேலயேதான் ஒயர் வருதுன்னு நெனச்சீங்களா?"

"ஆமாங்க."

"நடுவுல மிலிட்டரி காம்பவுண்ட் இருக்கே. நாங்களே ஊரைச் சுத்திதான் போறோம். ஒயரை மட்டும் உள்ள விடுவாங்களா?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அப்பாவிடமிருந்து ரிசீவரை வாங்கினாள்.

"அண்ணா, அவர் கெடையாதுன்னுதான் சொன்னாரு, உனக்குப் பாதிதான் வந்திருக்கு. அவர் போட்ட கோட்டைப் பாத்தேன். குடிக்கிறவன் கைக்குக் கோடு இவ்ளோ நேரா வராது."

குவைத்தில் ஆன்டனி சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கல்யாணம் ஆகி, கம்பி போய் ஃபைபரும் வந்துவிட்டது. இன்றும் ஆன்டனி வீடியோவில் வந்தால், "மாப்ள, குடிக்கிற பழக்கம் உங்களுக்கு..." என்று ஆரம்பித்து, அரைக்கண்ணும் திறந்த வாயுமாக அப்படியே நின்றுவிடுவார். நான் "கிடையவே கிடையாது" என்று முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை அசையமாட்டார்.